முதலில் உண்மையான விலையைச் சொல்லுங்கள்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் படங்களை இன்று உலகமே வியந்து பார்க்கிறது. அந்தத் திட்டத்தையே கைவிட வேண்டும் என்று 2011 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று முடிவெடுத்தது பலருக்கு நினைவிருக்காது. தொழில்நுட்பத்தில் யாரும் குறை காணவில்லை. செலவுதான் கைமீறிப் போயிருந்தது. சுமார் 500 கோடி டாலரில் முடித்து 2014-இல் ஏவிவிடுவதாக நாசா கொடுத்த வாக்கு பொய்த்துப் போயிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே செனட் உறுப்பினர் பார்பரா மிக்குல்ஸ்கி தனிக்குழு விசாரணை கேட்டிருந்தார். குழுவுக்குத் தலைவர் ஜான் கசானி. வாயேஜர், கலிலியோ, கசினி விண்கலத் திட்டங்களை நடத்திய அனுபவசாலி. பொறியாளர்களின் வேலை சிறப்பாகவே இருக்கிறது என்று அவரது குழு சொன்னது. கோளாறு மதிப்பீட்டிலும் நிர்வாகத்திலும்தான். என்னென்ன வேலை இருக்கிறது என்பதையே முழுதாகக் கணக்கில் எடுக்காமல் பட்ஜெட் போட்டிருந்தார்கள். எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிய தொகையும் குறைவு. அதிலும், தேவைப்பட்ட ஆண்டுகளில் அது கையில் இல்லை.

விளைவு என்ன? ஒரு சிக்கல் முளைக்கும்போது அதைத் தீர்க்கப் பணம் இருக்காது. அந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார்கள். அதை நம்பியிருக்கும் அடுத்த குழுவும் காத்திருக்கும். காத்திருக்கும் பொறியாளர்களுக்கும் சம்பளம் உண்டு, ஆய்வுக்கூடத்துக்கும் பராமரிப்பு உண்டு. இந்த ஆண்டுக் கணக்கில் சிக்கனம் போலத் தெரிவது, மொத்தக் கணக்கில் பல மடங்கு செலவாகத் திரும்பி வரும். நிதித்துறையினர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆண்டு ஒதுக்கீட்டை நெருக்கிப் பிடிப்பதற்குப் பெயர் கட்டுப்பாடு அல்ல.

நாசா கசானி குழுவின் அறிக்கையை மறைக்காமல் வெளியிட்டது. 2011-இல் கணக்கை அடியிலிருந்து மீண்டும் போட்டது: 883 கோடி டாலர், 2018 அக்டோபரில் ஏவுதல். அவமானம் தரும் எண்தான். ஆனால், எதிர்பாராச் செலவுக்கும் தாமதத்துக்கும் போதிய இடம் விட்டுப் போட்ட எண். திட்டத்தை வானியற்பியல் பிரிவிலிருந்து பிரித்துத் தலைமையகத்தின் நேரடிப் பொறுப்பில் வைத்தார்கள். உருவாக்கச் செலவு 800 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்று நாடாளுமன்றம் உச்சவரம்பு விதித்தது. ஆண்டுதோறும் தணிக்கை செய்யவும் உத்தரவிட்டது. அடுத்த சில ஆண்டுகள் திட்டம் அந்தக் கணக்குக்குள் நடந்தது.

பிறகு மறுபடியும் சறுக்கியது. உந்துவிசை வால்வுகளைத் தவறான கரைப்பானால் சுத்தம் செய்து கெடுத்தார்கள். சூரியக் கவசத்தின் உறையைப் பிடித்திருந்த திருகுகள் ஒலியியல் சோதனையில் கழன்று விழுந்தன. இப்படிப்பட்ட சில மனிதப் பிழைகளால் மட்டும் 60 கோடி டாலரும் ஒன்றரை ஆண்டும் போயின என்று 2018-இல் டாம் யங் தலைமையிலான குழு கணக்கிட்டது. மொத்தச் செலவு 966 கோடியானது. 800 கோடி வரம்பும் உடைந்தது. நாடாளுமன்றம் சட்டமே போட்டாலும், தொழிற்கூடத்தில் சரிபார்ப்பு தளர்ந்தால் பணம் கசியத்தான் செய்யும்.

அந்த ஆண்டு திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் கிரெக் ராபின்சன். முதலில் இந்தப் பதவியே வேண்டாம் என்று மறுத்தவர். திட்டமிட்ட வேலையில் குறித்த காலத்துக்குள் முடிவது அப்போது சுமார் 55 சதவீதம்தான். அதைச் சில மாதங்களில் 95 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். கோளாறு தெரிந்தால் அன்றே சொல்லும் பழக்கத்தை ஊழியர்களிடம் வளர்த்தார். கொரோனாவால் மேலும் தாமதம் நேர்ந்தபோதும், முன்பே ஒதுக்கி வைத்திருந்த தொகை அதைத் தாங்கியது. கூடுதல் நிதி கேட்காமலே புதிய தேதி குறித்தார்கள். 2021 டிசம்பர் 25 அன்று தொலைநோக்கி கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்டது.

இந்தப் பாடம் அடுத்த திட்டத்துக்கு முன்கூட்டியே உதவியது. இன்று ரோமன் என்று அழைக்கப்படும் தொலைநோக்கி, வடிவமைப்பு நிலையிலேயே மதிப்பீட்டைத் தாண்டுகிறது என்று 2017-இல் ஒரு தனிக்குழு எச்சரித்தது. நாசா உடனே திட்டத்தின் அளவைக் குறைத்தது. காகிதத்தில் இருக்கும்போது வெட்டினால் ஒரு வரைபடம்தான் மாறும். பாதி கட்டிய பிறகு வெட்டினால் போட்ட பணமும் சேர்ந்து போகும்.

நம் நாட்டில் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசின் உட்கட்டமைப்புத் திட்டங்களை மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் கண்காணிக்கிறது. எந்தத் திட்டம் எவ்வளவு மீறியது என்ற பட்டியலும் வருகிறது. அது போதாது. ஏன் மீறியது, யார் பொறுப்பு, மீதி வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதைத் திட்டத்தோடு தொடர்பில்லாத வல்லுநர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். மேம்பாலமோ அணையோ, திருத்திய மதிப்பீட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த அறிக்கையை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.