வெள்ளைக் கல்நாரும் கலச் சோதனைகளும்: ஒரு மறுப்பு

வெள்ளவத்தை முதல் இரத்மலானை வரை காலி வீதியின் இருமருங்கும் காணப்படும் அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகடுகளில் கலந்துள்ள கிரிசோடைல் என்னும் வெள்ளைக் கல்நார் பரம்பரை அலகுகளைச் சிதைப்பதாக ஆய்வுகூடங்கள் நிறுவவில்லை என்றும், இலங்கை 1987இல் தடைசெய்த நீலக் கல்நாரே தீங்கானது என்றும் வாதிடப்படுகிறது. இவ்வாதம் நான்கு காரணங்களைச் சார்ந்துள்ளது.

முதலாவது, பற்றீரியாவில் பரம்பரை அலகு மாற்றத்தைத் தேடும் ஏம்ஸ் சோதனையில் கல்நார் பெரும்பாலும் விளைவு காட்டுவதில்லை என்பதாகும். அது மெய்யே, ஆயினும் கடினச் சுவருடைய பற்றீரியா இழையை விழுங்கமாட்டாது, பாலூட்டியின் கலமோ விழுங்கும். ஆகவே அச்சோதனை இழைகளுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பாலூட்டிக் கலங்களிலும் எச்பிஆர்டி என்னும் பரம்பரை அலகில் மாற்றம் அரிதே என்பதாகும். கல்நார் அறுத்தெறியும் துண்டு பெரிதாயின், அயலிலுள்ள இன்றியமையாத அலகுகளும் இழக்கப்பட்டுக் கலம் மடிவதால், எண்ணுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. 1992இல் டொம் ஹேயும் அவருடைய குழுவினரும், இழந்தாலும் கலம் பிழைக்கத்தக்க மனித 11ஆம் நிறமூர்த்தத்தைத் தாங்கிய ஹம்ஸ்டர் கலங்களைக் கொண்டு சோதித்தபோது, நீலம், வெள்ளை இரண்டும் பெரும் இழப்புகளை விளைவித்தமை புலனாயிற்று.

மூன்றாவது, அளவு மிகுந்தால் எத்தூசும் கலத்தைக் கெடுக்கும் என்பதாகும். 1984இல் ஹெஸ்டர்பேர்க்கும் பரெற்றும் கண்ணாடி இழைகளை அரைத்துக் குறுக்கியபோது, நிறை மாறாதிருந்தும், கலங்களைப் புற்றுத்தன்மைக்கு மாற்றும் ஆற்றல் நீளத்தோடு குறைந்தது. நீண்ட இழை, பிரியும் நிறமூர்த்தங்களுக்குக் குறுக்கே கிடந்து அவற்றைப் பின்தங்கச் செய்கிறது. எனினும், சுவாசப்பையின் துப்புரவுப் பொறிமுறை கண்ணாடித் தட்டில் இல்லையாதலால், தீங்கு நிகழும் வழியை அறியலாமேயன்றி, மனிதருக்கான அபாய அளவை இச்சோதனைகளால் கணிக்கவியலாது.

நான்காவது, வெள்ளைக் கல்நார் சுவாசப்பையில் விரைவாகக் கரைந்துவிடும் என்பதாகும். நீலத்தைவிட அது எளிதில் கரைவது உண்மையாயினும், ஒரு கலப்பிரிவில் நேர்ந்த இழப்பு, இழை கரைந்தபின்னும் வழிக்கலங்களில் தொடரும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் எல்லாவகைக் கல்நாரையும் மனிதரில் புற்றுநோய் விளைவிப்பனவாகவே வகைப்படுத்தியுள்ளது.

2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென வெள்ளைக் கல்நாரை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியதும், இலங்கை தான் கொண்டுவரவிருந்த கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அம்முடிவு வணிகத்தால் நேர்ந்தது. கலச் சோதனைகள் வெள்ளைக் கல்நாரை விடுவித்ததால் அன்று. எனவே, தகட்டை அறுத்தும் துளைத்தும் உடைத்தும் அதன் தூசைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கு, பற்றீரியா காட்டாத விளைவை ஆறுதலாக எடுத்துரைப்பது தகாது.