பூட்டுக்குள் யார்?

"பிள்ளை கைபேசியைத் தொட்டால் கெட்டுவிடுவான்!" என்கிறார் ஒருவர். "அவனுக்குத் தெரியாததா? நமக்கே அவன்தானே கற்றுத் தருகிறான்!" என்று பூரிக்கிறார் இன்னொருவர். திண்டுக்கல்லில் எந்தத் தேநீர்க் கடையில் அமர்ந்தாலும் இவ்விரு குரல்களும் காதில் விழும். முன்னவர் அஞ்சுகிறார், பின்னவர் மயங்குகிறார். அச்சமும் மயக்கமும் அறிவின் பகைவர்கள் என்று மேடைதோறும் பேசி வந்தோம். இங்கோ, இரண்டும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றன!

அஞ்சுகின்றவரிடம் அதிகம் வாதிட வேண்டியதில்லை. கிணறு ஆழம் என்பதால் தண்ணீரே வேண்டாம் என்பவர் அவர். 2011 செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. பின்னர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. 6,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் எழுந்தன. வேடசந்தூர்க் காட்டில் களை பறிக்கும் தாயின் மகள் விசைப்பலகையில் விரல் வைப்பது சிறிய செய்தியா? அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று 1953-ல் ஆச்சாரியார் திட்டம் தீட்டிய நாடல்லவா இது! அத்திட்டத்தை எதிர்த்து அடிபட்டவர்களின் கனவல்லவா அந்த விரல்!

வழக்கு, மயங்குகின்றவரோடுதான். விரைந்து விரலோட்டுவதை அவர் அறிவு என்று எண்ணுகிறார். அந்த விரைவுக்காரப் பிள்ளையையே அழைத்துக் கேளுங்கள்: "தம்பி, இதைச் சொன்னது யார்?" அவன் தயங்காமல் விடை தருவான்: "கூகுள் சொல்லிச்சு!"

பாட்டன் சொன்னான், "சாத்திரம் சொல்லுகிறது!" எந்தச் சாத்திரம், எழுதியவன் எவன், எவன் நலனுக்காக எழுதினான் என்று கேளாமலே குனிந்தான். கேட்கக் கற்றுக் கொடுத்தது இந்த இயக்கம். பேரன் சொல்கிறான், "கூகுள் சொல்லுகிறது!" குனிவதில் மாற்றமில்லை, தோழர்களே! அன்று ஓலைச்சுவடியின் முன், இன்று ஒளித்திரையின் முன்!

தேடுபொறி எதையும் சொல்வதில்லை. சொன்னவர்களைச் சுட்டிக் காட்டுகிறது, அவ்வளவே. லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரு மாணவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதை வடித்தனர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகின்றவை எவ்வளவு மதிப்புடையவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவது அவர்கள் கண்ட வழி. நல்ல வழிதான். ஆனால், பலர் சுட்டுவதெல்லாம் மெய்யாகிவிடுமா? தைப்பூசத்துக்குப் பழநிக்கு இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அந்த எண்ணிக்கை நம்பிக்கையின் அளவைக் காட்டும், மெய்ம்மையின் அளவைக் காட்டாது. இன்னொன்றும் கேளுங்கள். விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி விளம்பரம் தருவோர் பக்கமே சாயும் என்று, 1998-ல் அவ்விருவரே தம் ஆய்வுக் கட்டுரையில் எழுதினர். 2000-ல் அவர்கள் நிறுவனமே விளம்பரம் விற்கத் தொடங்கிற்று! எழுதிய கை வேறு, வாங்கிய கை வேறு போலும். பட்டியலின் தலையில் நிற்பது பலவேளை காசு கொடுத்தவனின் கடை. 'விளம்பரம்' என்று காட்டும் சிற்றெழுத்து மாணவன் கண்ணில் படுவதில்லை. 2024 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையும் அதற்கு மேலே ஏறி அமர்கிறது. அதுவும் தவறும், ஆகவே அருகில் உள்ள மூல இணைப்புகளைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

"இதனால் என்ன குடி முழுகிவிடும்?" என்பார் உண்டு. முழுகியது, ஐயா! 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்துவிட்டது என்ற பொய் வாட்ஸ்அப்பில் ஊரூராய்ப் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது கூட்டம். அதே ஆண்டு ஜூலையில் திருப்பூரில், காணொளிகளை நம்பி வீட்டிலேயே மகப்பேறு பார்க்க முயன்று ஓர் இளம் தாய் குருதிப்போக்கால் மாண்டார். படிப்பறிவில்லாத குடும்பமல்ல. பொய்யைப் பரப்பியவர்களுக்கும் படிக்கத் தெரிந்திருந்தது, "சொன்னது யார்?" என்று கேட்கத்தான் தெரியவில்லை. காலையில் 'அறிவுடைமை' அதிகாரத்தைப் பிழையின்றி ஒப்பித்து முழு மதிப்பெண் பெறுகிறான் மாணவன். மாலையில், வந்த பொய்யை வந்த விரைவிலேயே நாற்பது பேருக்கு அனுப்புகிறான். பாடம் எங்கே போயிற்று?

சொன்னவர் யார் என்று அறிய முதல் தடயம், முகவரி. அதைப் படிக்கக் கற்பது கடுந்தவமன்று. கடித உறையில் அஞ்சலகம் முதலில் பார்ப்பது கடைசி வரியை அல்லவா? திண்டுக்கல், 624001 என்று பார்த்து ஊருக்கு அனுப்பிய பின்னரே தெருவும் கதவிலக்கமும். வலைமுகவரியில் தளத்தின் பெயரையும் அப்படியே, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'டிஎன்.கவ்.இன்' என்பது தமிழக அரசின் முகவரி, 'கவ்.இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுவது. வெறும் 'இன்' என்றாலோ 'காம்' என்றாலோ, பணம் கட்டும் எவனும் பெறலாம். இப்போது இதைப் பாருங்கள்: 'டிஎன்.கவ்.இன்.இலவசப்பரிசு.காம்'. இடமிருந்து படிப்பவன் அரசு என்று கும்பிடுவான். வலமிருந்து படிப்பவன், 'இலவசப்பரிசு' என்ற பெயரை விலைக்கு வாங்கிய எவனோ என்று காண்பான். தளத்தின் பெயர் முடிந்து ஒற்றைச் சாய்கோடு வந்தபின் இருப்பவை அவன் வீட்டு அறைகள். அறைக்கு 'அரசாங்கம்' என்று பெயரிட்டாலும் தடுப்பார் இல்லை. இலவச மடிக்கணினி தருவதாகச் சொல்லி வரும் போலி இணைப்புகளை நம்பாதீர் என்று ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் பலமுறை எச்சரித்தது. எச்சரிக்கையும் அதே கைபேசிக்குத்தான் வந்தது, போலி இணைப்பைப் போலவே!

"பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம்" என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். வேறு ஊரில் சொன்னால் பொறுக்கலாம், திண்டுக்கல்லிலா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு நம்முடையது! மாங்காய்ப் பூட்டைத் தட்டித் தட்டி உருவாக்கும் தொழிலாளியைக் கேளுங்கள்: வாங்குகிறவன் யோக்கியனா என்று பூட்டு விசாரிக்குமா? கள்வன் வீட்டுக் கதவிலும் திண்டுக்கல் பூட்டுத் தொங்கும். வழியில் ஒளிந்திருந்து நம் செய்தியை எவனும் படிக்க முடியாது என்பது மட்டுமே அப்படத்தின் பொருள். உள்ளே இருப்பவன் யார் என்பதற்கு அது சான்றில்லை. கூகுள் நிறுவனமே 2021-ல் ஆராய்ந்தபோது, அதன் பொருளைச் சரியாக அறிந்திருந்தவர் 11 விழுக்காட்டினர். 2023-ல் தன் குரோம் உலாவியிலிருந்து அப்படத்தையே அது அகற்றிவிட்டது. நம்மவர் இன்னும் பூட்டைக் கும்பிடுகின்றனர்!

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு சோதனை நடத்தினர். வரலாற்றறிஞர் 10 பேர், செய்தியின் உண்மையைச் சரிபார்க்கும் தொழிலினர் 10 பேர், மாணவர் 25 பேர். அறியாத தளங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னபோது, பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தின் அழகிலும் நடையிலும் மூழ்கிக் கிடந்தனர். சரிபார்ப்போரோ உடனே வெளியேறி, "இவனைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர்?" என்று வேறிடத்தில் தேடினர், விரைந்து மெய் கண்டனர். பெண் கொடுக்குமுன் பக்கத்துத் தெருவில் விசாரிப்பவன் தமிழன். இணையத்தில் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் சொன்னதையே நம்புவானேன்?

"ஆசிரியருக்கே தெரியாதே, நேரமும் இல்லையே" என்பது கடைசிக் கேடயம். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-ல், பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்பு ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில் நடந்தது. மாவட்ட ஆட்சியரே முன்னின்றார். அங்குள்ள ஆசிரியர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களா? பாடத்திட்டம் மாறட்டும், அதற்காகக் குரல் கொடுப்போம். அதுவரை கைகட்டி நிற்பது நமக்கு வழக்கமில்லை. நாகல் நகரிலும் பேகம்பூரிலும் சின்னாளப்பட்டியிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் போதும். கணினி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தால் சரி. மெய்ம்முகவரி ஐந்து, போலி முகவரி ஐந்து என்று எழுதி, எட்டாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பி, ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரன் பெயருக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். போலிக்கு எங்கே போவது என்று கேட்கும் தோழர், தம் கைபேசிக்கு இன்று காலை வந்த இணைப்புகளையே எழுதலாம்.