கட்டங்களுள் கரந்துறையும் தமிழ்

(பழைய மாணவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர், உடப்புசல்லாவை)

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். கல்வியின் மாண்பு, ஒழுக்கத்தின் உயர்வு என்னும் பெரும்பொருள்களைத் தக்கார் பலர் எழுதுவர். ஆதலின், சிறியதுபோலத் தோன்றும் ஒரு பொருளை யாம் எடுத்துக்கொண்டோம். அதுதான் குறுக்கெழுத்து.

“குறுக்கெழுத்தா? அது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மூலையில் கிடப்பதன்றோ?” எனச் சிலர் முறுவலிப்பர். ‘யானை’ எனக் குறிப்புத் தந்து ‘களிறு’ என விடை வேண்டும் எளிய வகையை யாம் குறிக்கவில்லை. குறிப்பு ஒன்று சொல்லுவதுபோல மற்றொன்றைச் சொல்லும் மறைகுறிப்பு வகையையும், அதனினும் அரிதாய், விடைகள் யாவும் கூடி இறுதியில் ஒரு பொருளை வெளிப்படுத்தும் உள்ளுறை வகையையுமே குறித்தோம். வாரத்துக்கு ஒன்றேனும் இத்தகைய அரிய புதிரை விடுவிக்க முயல்வது வெறும் பொழுதுபோக்கன்று, வாசிக்கக் கற்கும் பயிற்சி என்பது எம் துணிபு. அப்பயிற்சியின் வேர் நம் இலக்கணத்திலேயே உள்ளது என்பது அதனோடு சார்ந்த மற்றொரு துணிபு.

முதலில் இக்கலையின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1913 டிசம்பர் 21இல் ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்ட சொற்புதிரே இக்காலக் குறுக்கெழுத்தின் தொடக்கம் என்பர். அது இங்கிலாந்தை அடைந்தபின் உருமாறிற்று. 1926 முதல் ‘ஒப்சர்வர்’ வார இதழில் ‘டோர்க்குமாடா’ என்னும் புனைபெயரில் புதிர் அமைத்தவர், குறிப்புகள் அனைத்தையும் மறைகுறிப்பாகவே ஆக்கினார். அவர் 1939இல் மறைந்தபின் அவ்விடத்துக்கு வந்தவர் ‘ஸிமெனிஸ்’ என்னும் பெயர் பூண்டார். இரண்டும் ஸ்பானிய நாட்டுச் சமய விசாரணைத் தலைவர்களின் பெயர்கள். விடுவிப்போரைத் தாம் வாட்டுவதை இவர்கள் நகைச்சுவையோடு ஒப்புக்கொண்டனர் போலும்! 1930இல் ‘லிஸனர்’ இதழில் தொடங்கிய உள்ளுறைப் புதிர், அவ்விதழ் 1991இல் நின்றபின்னும் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் வாரந்தோறும் தொடர்கின்றது. அதனை ஆண்டு முழுதும் ஒரு பிழையுமின்றி விடுவிப்போர் மிகச் சிலரே.

ஸிமெனிஸ் 1966இல் வெளியிட்ட நூலில் ஓர் அறத்தை நிலைநிறுத்தினார். குறிப்பு விடுவிப்பவனை ஏமாற்றலாம். அவனுக்கு அநீதி செய்தலாகாது. அதாவது, குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருளை நேரே தரல் வேண்டும். மறுபகுதி அதே விடையை எழுத்தாலோ சொல்லாலோ கட்டித் தரல் வேண்டும். பயனற்ற சொல் ஒன்றேனும் இருத்தலாகாது. விடை கிடைத்தவுடன், “ஆம், இதுவன்றி வேறில்லை” என்று உள்ளம் அமைதியுற வேண்டும். இவ்வறமே இவ்விளையாட்டை வெறும் ஊகத்தினின்று பிரித்து வைக்கின்றது.

தமிழில் இஃது எவ்வாறு இயலும் என்பார்க்கு யாம் அமைத்த குறிப்புகள் சிலவற்றைக் காட்டுவோம். அடைப்புக்குறியினுள் உள்ள எண், விடையின் எழுத்துத் தொகை.

“கொடு மானை, குளத்தில் மலர்வதைப் பெறு (3).” கொடு என்பது ‘தா’, மானில் ஒருவகை ‘மரை’. இரண்டும் சேர்ந்தால் தாமரை.

“கவலைக்குத் தலை போனால் மீன் அகப்படுவது (2).” முதலெழுத்து நீங்க எஞ்சுவது வலை.

“ஐந்தை அடுத்து ஓடுவது (2).” விடை ஆறு. எண்ணும் அதுவே, நதியும் அதுவே.

“முன்னிருந்தும் பின்னிருந்தும் மாறாத நாட்குறி (3).” விடை திகதி. ‘தேதி’ என்று வழங்கும் தமிழகத்து நண்பர்கள் இதில் இடறுவர். ஈழத்தார்க்கு ஒரு நற்பேறு!

இனி எம் மலைநாட்டுக்குரியது ஒன்று: “‘குறைந்து போ’ என்றால் ‘இல்லை’ என்கின்றது மலைச்சரிவில் தளிர்ப்பது (3).” குறைந்து போ என்பது ‘தேய்’, இல்லை என்பது செய்யுள் வழக்கில் ‘இலை’, இரண்டும் புணர்ந்தால் தேயிலை. உடப்புசல்லாவையில் நாள்தோறும் கண்முன் நிற்கும் செடியின் பெயருள் இப்படியும் ஒரு பிரிப்பு உண்டென்பதை எம் மாணாக்கர் அறிந்தபோது, புணர்ச்சி விதியை அவர்களுக்குத் தனியே கற்பிக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிட்டது.

இக்குறிப்புகளைக் கண்ட தமிழறிஞர், “இவை எமக்குப் புதியனவல்லவே” என்பர். உண்மையே. தொல்காப்பியர் செய்யுளியலில் ‘பிசி’ எனக் கூறியது விடுகதையையே. உவமையோடு பொருந்தி வருவதும், ஒன்றைச் சொல்ல மற்றொன்று தோன்றும் துணிவினதாய் வருவதும் என அதனை இரு திறமாக அவர் வகுத்தார். தண்டியலங்காரமோ சொல்லணியியலில் சித்திரகவி பன்னிரண்டினைப் பெயர் சொல்லி எண்ணுகின்றது. முன்னும் பின்னும் ஒன்றாய் வருவது மாலைமாற்று. எழுத்து ஒவ்வொன்றாய்க் கூடக் கூட வேறு வேறு சொல்லாவது எழுத்து வருத்தனம். எழுத்துக் குறையக் குறைய வேறு சொல்லாவது அக்கரச்சுதகம். ஒரு சொல்லைத் துண்டுபடுத்தி, துண்டு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வினாவுக்கு விடையாக்கி, முடிவில் முழுச்சொல்லையும் விடையாக்குவது வினாவுத்தரம். ஒரு செய்யுளுள் மற்றொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். மேலே காட்டிய தாமரை வினாவுத்தரத்தின் இனம், வலை அக்கரச்சுதகத்தின் இனம், திகதி மாலைமாற்றின் இனம், ஆறு சிலேடை. ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டில் கட்டத்துள் அடைத்தவற்றுக்கு நம் இலக்கணிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெயரிட்டிருந்தனர். சேர்த்தது கட்டம் ஒன்றே.

அக்கட்டம் தமிழுக்கு வரும்போது சில புதுமைகள் விளைகின்றன. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துள் இருபத்தாறு எழுத்துகளுள் ஒன்று நிற்கும். தமிழிலோ 247 எழுத்துகளுள் ஒன்று நிற்கும். ஆகவே, குறுக்கே கிடைத்த ஓரெழுத்து விடுவிப்பவனுக்கு மிகப் பெரிய துணை. அமைப்பவனுக்கோ அதுவே பெருந்தொல்லை. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது என்பது விதியாதலின், ‘மரம்’ என்பதன் ஈற்றெழுத்தில் கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க இயலாது. எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் முறை ஆங்கிலத்தில் மலிந்தும் தமிழில் அருகியும் காணப்படுவதற்கும் இதுவே பெரிதும் காரணம். அக்குறையைப் புணர்ச்சியும், ஒருபொருட் பன்மொழியும், பலபொருள் ஒருமொழியும் நிறைவு செய்கின்றன. முற்காலத்தில் திண்ணைப் பள்ளிச் சிறுவர் சூடாமணி நிகண்டை மனனஞ் செய்தனர். அந்நூலின் பதினோராந் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருளைத் தொகுத்துத் தருவது. அதனை மனத்தில் வைத்திருந்த சிறுவனுக்கு இன்றைய மறைகுறிப்பு எம்மாத்திரம்!

உள்ளுறைப் புதிரின் இயல்பையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கட்டத்தை நிரப்பி முடித்தபின், ‘மலை’ என்னும் விடையின் கீழ் ‘மாயோன்’ என்பதும், ‘காடு’ என்னும் விடையின் கீழ் ‘சேயோன்’ என்பதும் நிற்கின்றன எனக் கொள்வோம். யாவும் சரியாகவே தோன்றும். ஆயின் குறிப்புகளுள் ஏழில் ஒவ்வோர் எழுத்து மிகையாக இருந்தது. அவற்றை வரிசையாகக் கூட்டினால் ‘திணை மயக்கம்’ என வரும். அப்பொழுதுதான் விடுவிப்பவன் திடுக்கிடுவான். குறிஞ்சிக்குரியவன் சேயோன்; முல்லைக்குரியவன் மாயோன்; இருவரும் இடம் மாறி நிற்கின்றனர்! அவர்களை உரிய நிலத்துக்கு மாற்ற வேண்டும். இரு பெயர்க்கும் முதலெழுத்து ஒன்றே வேறு. எனவே மாயோனின் முதலெழுத்தில் தொடங்கிக் கீழிறங்கிய ‘மாலை’ இப்பொழுது ‘சேலை’ ஆகும். சேயோனின் முதலெழுத்தில் தொடங்கிய ‘சேறு’ இப்பொழுது ‘மாறு’ ஆகும். எச்சொல்லும் சிதையவில்லை, திணையும் தெளிந்தது. பாடநூலில் அகத்திணை அட்டவணையைப் பத்து முறை எழுதிய மாணாக்கன் தேர்வு முடிந்ததும் அதனை மறப்பான். இப்புதிரை ஒருமுறை விடுவித்தவன் என்றும் மறவான்.

இனி, இதனாற் பயன் யாது என்னும் வினாவுக்கு வருவோம். இன்றைய மாணாக்கர்க்கு விடை எளிதிற் கிடைக்கின்றது. கைபேசியைத் தொட்டாற் போதும். மாதிரி விடைகள் அச்சாகிக் கடைகளிற் கிடைக்கின்றன. பரீட்சைகள் பல; அவற்றுக்குப் பிரத்தியேக வகுப்புகளும் பல. குறைவது ஒன்றே: விடை தெரியாத நிலையில் அஞ்சாது தங்கியிருக்கும் ஆற்றல். அரிய புதிர் இவ்வாற்றலையே கற்பிக்கின்றது. திங்களன்று விளங்காத குறிப்பு, வியாழனன்று பாடசாலைக்கு நடக்கும் வழியில், பனி விலகுவதுபோலத் தானே விலகும். விளங்காமைக்குக் காரணம் குறிப்பிலன்று; முதல் வாசிப்பில் நாம் கொண்ட எண்ணத்திலேயே இருந்தது என்பது அப்பொழுது தெரியவரும். தன் முதல் எண்ணத்தை ஐயுறத் தெரிந்தவன் செய்யுளையும், சட்டத்தையும், ஒப்பந்தப் பத்திரத்தையும், அரசியல்வாதியின் மேடைப் பேச்சையும் செவ்வனே வாசிப்பான். தோட்டத்து மக்களின் பிள்ளைகளுக்கு இவ்வாற்றல் வேறெவர்க்கும் வேண்டுவதினும் மிகுதியாக வேண்டும். புரியாத கடதாசிகளிற் கைநாட்டு வைத்த தலைமுறைகளின் வழி வந்தவரல்லரோ அவர்கள்!

வகுப்பறையில் யாம் கண்டதையும் கூறல் வேண்டும். மறைகுறிப்பைக் கரும்பலகையில் எழுதியவுடன், பரீட்சையில் முன்னிற்கும் பிள்ளை, “இது பாடத்தில் இல்லையே, சேர்” என்று கையை மடக்கிக்கொள்வதுண்டு. பின்வாங்கில் இருக்கும் பிள்ளை, கட்டுரையிற் பத்துவரி எழுதத் தடுமாறுபவன், சட்டென விடை சொல்வதுமுண்டு. லயத்து வாசலில் அம்மாயி போட்ட விடுகதைகளுக்கு விடை தேடி வளர்ந்தவன் அவன். அவனிடம் உள்ள அறிவை அளக்கும் கோல் நம் பாடசாலைகளில் இல்லை. அவ்வறிவு இல்லையென நாம் கொள்வது நீதியாகுமா?

மறுப்புகளும் உள. குறுக்கெழுத்து ஒரு சூது என்பர் சிலர். பரிசுப் போட்டிகள் இந்தியாவில் மலிந்த காலத்தில் அக்குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. “மானமுள்ளவனை வாட்டுவது” எனக் குறிப்புத் தந்து, பசியா பழியா என்று விடுவிப்பவனைத் திகைக்கவைத்து, நடத்துவோர் மூடி முத்திரையிட்டு வைத்த சொல்லே வென்றது என்பது அப்போட்டிகளின் போக்கு. இரண்டும் பொருந்தும்போது அறிவுக்கு அங்கே வேலையில்லை. இந்திய நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றிற்று. 1957இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அத்தகைய போட்டிகளைச் சூதெனக் கண்டு, திறமையால் வெல்லும் போட்டிகளை அவற்றினின்று வேறுபடுத்திற்று. நாம் பரிந்துரைப்பதோ ஒரே விடையுடைய, பரிசுப்பணமற்ற புதிர். இஃது அக்குற்றத்துக்கு இலக்காகாது.

சித்திரகவி உயர்ந்த கவிதையன்று, வித்துவச் செருக்கே என்பார் வேறு சிலர். அதனை யாமும் ஒப்புவோம். ஆனால் தண்டால் எடுப்பவன் அதனையே வாழ்வின் பயனெனக் கொள்வதில்லை. உடலுக்கு உரம் தேடுகின்றான். புதிரும் அத்தகையதே. கவிதைக்குப் பதிலாக அதனை வைப்பது பேதைமை. கவிதையை வாசிக்கும் கண்ணுக்குப் பயிற்சியாக அதனை வைப்பது அறிவுடைமை.

தமிழில் இத்தகைய புதிர் நிலைபெறுமா என ஐயுறுவார்க்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் என்பார் மறைகுறிப்புக் குறுக்கெழுத்தைத் தமிழில் தொடர்ந்து அமைத்து, அதற்கென ஒரு வாசகர் கூட்டத்தையே உருவாக்கினார். கடல் கடந்த ஊரில் இயன்றது தமிழ் பயிலும் கல்லூரியில் இயலாதா?

ஆதலின், யூபிலி ஆண்டில் பழைய மாணவர் முன் யாம் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். கட்டடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நீவிர் பொருள் தருகின்றீர், அது போற்றற்குரியது. அதனோடு, கல்லூரிச் சஞ்சிகையில் தவணைக்கு ஓர் உள்ளுறைக் குறுக்கெழுத்து இடம்பெற உதவுங்கள். நூலகத்தில் ஒரு மேசை, நல்லகராதி ஒன்று, நிகண்டு ஒன்று, வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, இவை போதும். ஆசிரியர் அமைக்க, மாணாக்கர் விடுவிக்கட்டும். ஓராண்டு கழிந்தபின் மாணாக்கர் அமைக்க, ஆசிரியர் விடுவிக்கட்டும். விடையை அடுத்த தவணை இதழிலேயே வெளியிடுக. அவ்விடைவெளியை யாரும் சுருக்கற்க, அதுவே பாடம்.

மாணாக்கர்க்கு ஒரு சொல். குறிப்பு விளங்கவில்லையெனில் அதனைத் திரும்ப வாசியுங்கள். இன்னும் விளங்கவில்லையெனில் அதனை மனத்திற் சுமந்து நடவுங்கள். நம் மொழி தன் செல்வத்தை வெளியிலும் வைத்துள்ளது. உள்ளேயும் கரந்து வைத்துள்ளது. கரந்ததைத் தேடும் கண்களை நம் கல்லூரி உங்களுக்கு அளிப்பதாக. அன்னை வாழ்க! அவள் மக்கள் தமிழறிவிற் சிறந்து ஓங்குக!