மரத்தின் பொருக்கு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பால் தெரியும். முந்தைய வெட்டுக்கோட்டில் நாடாபோல் காய்ந்து ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்தெடுத்த பிறகுதான் புதிய வெட்டு. எங்களுக்கு அது எடைபோட்டு விற்கும் காசு. மரத்துக்கோ அது புண்ணின் பொருக்கு.

பட்டை வெட்டுப்பட்டதும் பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து வரும் ‘ஹெவின்’ என்ற புரதம் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. பால் உறைந்து காயம் அடைபடுகிறது. அதே புரதம் பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டினைப் பற்றி, அதன் வளர்ச்சியையும் தடுக்கிறது. மரத்துக்கு நம்மைப்போல் வெள்ளையணுக்கள் இல்லை. நின்ற இடத்திலேயே போராட வேண்டும்.

ஆனால் இலையைத் தாக்கும் எதிரியிடம் இந்தப் பால் பலிக்கவில்லை. ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலில் தொடங்கிய பெருந்தோட்டத்தை இலைக்கருகல் பூஞ்சை சீரழித்தது. காட்டில் தள்ளித்தள்ளி நின்ற மரங்களை நெருக்கி நட்டதும் நோய் இலைக்கு இலை தாவியது. 1945இல் அவரது நிறுவனம் அங்கிருந்து வெளியேறியது.

நம் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன விதைகளின் வழிவந்தவை. எல்லாம் நெருங்கிய சொந்தம். ஒன்றைச் சாய்க்கும் நோய் மற்றதையும் சாய்க்கலாம். அந்த இலைக்கருகல் இன்னும் இங்கே வரவில்லை.

தென் அமெரிக்கா போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஆசைக்கு ஒரு செடியைக்கூடப் பையில் போட்டு வராதீர்கள். காலணிச் சேற்றையும் அங்கேயே கழுவிவிடுங்கள்.