ரத்து!

சட்டம் ஒன்று ரத்தானால் ஊர் மகிழ்கிறது. அந்தச் சொல்லின் பொருள் என்ன? சிந்திப்போம், தோழர்களே!

'ரத்து' அரபு மொழி தந்த சொல். திருப்பி அனுப்புதல், ஏற்க மறுத்தல் என்பது பொருள். பழைய உரோமாபுரியிலோ 'அப்ரோகாரே' என்றனர். 'ரோகாரே' என்றால் கேட்டல். ஆட்சியாளன் மன்றத்தில் மக்களைக் கேட்டுச் சட்டம் செய்தான். கேட்டே அதை நீக்கினான். அடிமையையும் பெண்ணையும் கேட்கவில்லை என்பது அவர்தம் வெட்கக்கேடு. எனினும், கேட்டுச் செய்வதே சட்டம் என்ற உண்மையை அச்சொல் சுமந்து நிற்கிறது.

குற்றப்பரம்பரைச் சட்டம் யாரைக் கேட்டு வந்தது? 1871-இல் வடக்கே பிறந்தது. 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. கள்ளர்மீது பாய்ந்தது, திருச்சுழி அன்று அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆப்பநாட்டு மறவர்மீதும் பாய்ந்தது. களவு செய்தவனைப் பிடிக்கும் சட்டமா அது? இல்லை, கருவில் இருப்பவனையும் கள்வன் என்ற சட்டம்! கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. 16 உயிர்கள் சாய்ந்தன.

1947-இல் சென்னை மாகாணம் அதை ரத்து செய்தது. 1952 ஆகஸ்டு 31-இல் நாடெங்கும் நீங்கியது. ஒழிந்ததா? 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளுக்கென வேறொரு சட்டம் சென்னையில் வந்துவிட்டது. பிறப்பைப் பார்ப்பதில்லை என்றது ஏடு. பழைய பட்டியலையே பார்த்தது சந்தேகம். சிறைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது, சாதி பார்த்து வேலை பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லவேண்டி வந்ததே, ஏன்? தாள் கிழிந்தது, தத்துவம் கிழியவில்லை!

அத்தத்துவம் வெள்ளையன் மட்டும் கொண்டுவந்த சரக்கா? பிறப்பிலேயே உயர்வு, பிறப்பிலேயே இழிவு என்று மனு எழுதிவைத்ததற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? மனுவின் விதியை எந்த மன்றம் நிறைவேற்றியது? எவரைக் கேட்டனர்? எவரையும் கேளாது வந்ததை, மன்றத்தில் கை தூக்கி மட்டும் ஒழித்துவிட முடியாது. மனத்திலிருந்தும் ரத்து செய்தாக வேண்டும்.

இங்கேதான் கசப்பான கேள்வி ஒன்றைக் கேட்கிறோம். பிறப்பைக் காட்டிக் குற்றவாளி என்றபோது கொதித்தோமே, அதே பிறப்பைக் காட்டிச் சேரிக்காரனைத் தாழ்ந்தவன் என்று நாம் சொல்லலாமா? நம் நெற்றியில் குத்திய முத்திரையைப் பிடுங்கி அடுத்தவன் நெற்றியில் குத்துவது விடுதலையா? அது சட்டத்தை ரத்து செய்வதன்று. சட்டத்தை நாமே நடத்துவது!

ஆகவே இளைஞர்களே, கேளுங்கள்! சாவடியில் கேளுங்கள், வகுப்பறையில் கேளுங்கள், வீட்டுத் திண்ணையிலும் கேளுங்கள்: "பிறப்பில் குற்றமுண்டா?" இல்லை என்ற விடை ஊரெங்கும் ஒலிக்கும் நாளே உண்மையான ரத்து!