டில்லிக்குப் போனால்தான் நியாயமா?

விவாகம் புனிதமான பந்தம் என்பதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஆனால் உயிர் நீங்கிய பந்தத்தைச் சட்டம் காவல் காத்துக்கொண்டிருப்பதால் அதன் புனிதம் வளருமா என்பதே கேள்வி.

சென்னை மாகாணம் 1949-ம் வருஷத்திலேயே பலதார விவாகத்தைத் தடுத்து, ஹிந்துக்கள் விவாகத்தை ரத்து செய்துகொள்ளவும் வழி செய்தது. பார்லிமெண்டு 1955-ல் ஹிந்து விவாகச் சட்டத்தை இயற்றிற்று. விபசாரம், கொடுமை, இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் கைவிட்டிருத்தல், மதமாற்றம், துறவு முதலியன அச்சட்டப்படி இன்று ரத்துக்குரிய காரணங்கள். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு 1976-ல் இடம் ஏற்பட்டது.

ஒருவர் சம்மதிக்க மறுத்தாலோ, மற்றவர் குற்றத்தை ருசுப்படுத்தியே தீரவேண்டும். இதன் பலன் என்ன? சாதாரண மனக்கசப்பும் கொடுமையாக வர்ணிக்கப்படுகிறது. ஒரே இல்லத்தில் வாழ்ந்தவர்கள் சாட்சிக் கூண்டிலேறி ஒருவரையொருவர் தூற்றுகிறார்கள். அந்தத் தூற்றலுக்கிடையே குழந்தைகள் வளருகின்றன.

சீர்செய்ய முடியாதபடி முறிந்த விவாகத்தை, அம்முறிவையே காரணமாகக் கொண்டு ரத்து செய்யலாமென்று சட்டக் கமிஷன் 1978-லேயே சிபார்சு செய்தது. 2010-ல் அதற்கொரு மசோதா வந்தது; 2013-ல் ராஜ்ய சபை அதை நிறைவேற்றியும், மறு வருஷம் லோக சபை கலைந்ததும் அது காலாவதியாயிற்று.

1-5-2023-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், அரசியல் சட்டத்தின் 142-வது ஷரத்தின்படி அக்காரணத்துக்காக விவாகத்தை ரத்து செய்யத் தங்களுக்கு அதிகாரமுண்டென்று தீர்ப்பளித்தனர். தீர்ப்பை வரவேற்கிறோம். ஆயினும் அந்த அதிகாரம் ஜில்லாக்களிலுள்ள குடும்ப நீதிமன்றங்களுக்கு இல்லை. அப்பரிகாரத்தை நாடி நேரே சுப்ரீம் கோர்ட்டில் ரிட் மனுப் போடவும் இயலாது. திருநெல்வேலியில் தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு ஸ்திரீ, கோர்ட்டு கோர்ட்டாக ஏறி டில்லியை எட்டுவது எப்போது? பணம் படைத்தவர்களுக்கு மட்டும் எட்டும் நியாயம் அரை நியாயமே.

புருஷர்கள் மனைவியரை எளிதில் தள்ளிவிடுவர் என்ற அச்சம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. அதற்காகவே, ரத்தினால் கடுமையான பணக் கஷ்டம் நேருமாயின் மனைவி எதிர்க்கலாமென்று 2010-ம் வருஷத்து மசோதா கூறிற்று. குழந்தைகளின் பராமரிப்புக்கும் அதில் ஏற்பாடிருந்தது. ஜீவனாம்சத்துக்கு முதலில் உறுதியான ஏற்பாடு, பிறகே ரத்து என்று அந்தக் காப்பை இன்னும் பலப்படுத்தலாம். காப்பு வேண்டுமென்பது சட்டத்தைத் திருத்தமாக இயற்றக் காரணமாகுமேயன்றி, இயற்றாதிருக்கக் காரணமாகாது.

பார்லிமெண்டு செய்யவேண்டிய வேலையை நீதிபதிகளின் தலையில் சுமத்திவிட்டு வாளாவிருப்பது ஜனப் பிரதிநிதிகளுக்கு அழகன்று. மசோதாவைத் தாமதமின்றி மீண்டும் கொணர்வார்களாக.