கிழச் சிப்பாயும் சர்க்கார் காகிதமும்

ஒரு வாலிபனைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளுகிறபோது எந்த சர்க்காரும் அவனிடம் அதிகமாகக் காகிதம் கேட்பதில்லை. மார்பை அளந்து, கண்ணைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதே மனிதன் தொண்ணூறு வயதாகி, தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள முடியாமல், ஒருவர் தாங்கிப் பிடித்தாலொழிய எழுந்து நிற்க முடியாமல் ஆனபின், "என்னைக் கவனிக்க ஒரு ஆளுக்கு வழி செய்யுங்கள்" என்று கேட்டால் மாத்திரம், காகிதத்தின்மேல் காகிதமாகக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்துவரும் காரியத்தைப் பற்றியே இதை எழுதுகின்றோம். "அமெரிக்காக்காரன் சங்கதி நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். வருஷந்தோறும் நவம்பர் மாதத்தில் தாம் உயிரோடிருப்பதற்குத் தாமே அத்தாட்சி கொடுக்க வேண்டியிருக்கிற நம் நாட்டு மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்களைக் கேட்டால், இது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான சங்கதிதான் என்று சொல்லுவார்கள். அன்றியும், உலகத்திலேயே பெரிய பணக்கார தேசத்தில், அதுவும் சிப்பாய்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்ற தேசத்தில் இது எப்படி நடக்கின்றது என்று தெரிந்துகொள்ளுவது யாவருக்கும் பயன்படும்.

அந்நாட்டுச் சட்டப்படி, யுத்த காலத்தில் பட்டாளத்தில் வேலை பார்த்தவர் இப்போது போதிய வருமானமில்லாமலும், பிறர் துணையில்லாமல் நாளைக் கழிக்க முடியாமலும் இருந்தால், முன்னாள் சிப்பாய்களுக்கான இலாகா அவருக்குப் பென்ஷன் கொடுத்து, உதவியாளுக்கென்று அதற்குமேல் ஒரு தொகையும் கொடுக்கின்றது. இது நல்ல சட்டம். இதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதைப் பெறுகின்ற வழியைப் பாருங்கள்.

முதலில் பட்டாளத்திலிருந்து விலகிய பத்திரம் வேண்டும். வருமானம், சொத்து, மனைவியின் வருமானம், அவள் சொத்து எல்லாவற்றையும் எழுதிய மனு வேண்டும். 21-2680 என்ற எண்ணுள்ள பாரத்தில், இவர் தாமே சாப்பிடுவாரா, தாமே குளிப்பாரா, கண் எவ்வளவு தெரிகின்றது, வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போவார் என்பதையெல்லாம் டாக்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பராமரிப்பு விடுதியில் இருப்பவரானால் விடுதிக்காரரும் 21-0779 என்று வேறொரு பாரம் எழுத வேண்டும். உதவியாளுக்கும் மருந்துக்கும் கொடுத்த பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். 2018 அக்டோபர் முதல், மனுவுக்கு முந்திய மூன்று வருஷத்தில் சொத்து எதையாவது பிள்ளைகளுக்கோ பிறருக்கோ கொடுத்ததுண்டா என்றும் துருவிப் பார்க்கிறார்கள். கொடுத்திருந்தால், ஐந்து வருஷம் வரையில் பென்ஷனை நிறுத்தி வைக்கவும் சட்டமிருக்கின்றது.

பென்ஷன் வேண்டாம், இலாகா நடத்துகின்ற விடுதியிலேயே இருந்துவிடுகிறேன் என்றாலோ, அதற்கு 10-10 இ.சி. என்று இன்னொரு பாரம். பட்டாள வேலையில் ஏற்பட்ட ஊனத்துக்கு ஈட்டுத்தொகை பெறுகின்றவர்களையும் மிகவும் ஏழைகளையும் தவிர மற்றவர்களுக்கு, வருஷத்தில் முதல் 21 நாள்தான் இலவசம். பிறகு அவரவர் சக்திக்குத் தக்கபடி நாளொன்றுக்கு 97 டாலர் வரையில் வசூலிக்கிறார்கள். அந்தச் சக்தியைக் கணக்கிடவே வீடு வாசல், வண்டி வாகனம், பாங்கிப் பணம் எல்லாவற்றையும் அந்தப் பாரத்தில் எழுதச் சொல்லுகிறார்கள்.

நிற்க, பொதுஜனங்களின் வரிப்பணத்தைக் கொடுக்கிறவர்கள் விசாரிக்காமல் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். யார் எதைச் சொன்னாலும் "ருஜு என்ன?" என்று கேட்கின்ற நாம், சர்க்கார் ருஜு கேட்பதைத் தப்பென்று சொல்ல மாட்டோம். ஆனால், யாரிடம் இருக்க வேண்டிய ருஜுவை யாரிடம் கேட்பது என்பதுதான் நமது கேள்வி.

1973 ஜூலை 12-ந் தேதி, செயின்ட் லூயிஸ் நகரத்தில் சிப்பாய்களின் சரித்திரக் கட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த சர்க்கார் கட்டடத்தில் தீப்பிடித்தது. 160 லட்சத்துக்கும் 180 லட்சத்துக்கும் இடைப்பட்ட கட்டுகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி முதல் தேதி வரையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கட்டுகளில் நூற்றுக்கு எண்பது போயிற்று. அவைகளுக்கு நகல் கிடையாது. படம் பிடித்து வைக்கவுமில்லை. எவையெவை இருந்தன என்பதற்கு முழு ஜாபிதாகூட இல்லை.

இதன் கருத்து என்னவென்று யோசித்துப் பாருங்கள். கொரியா யுத்தம் நடந்தது 1950 முதல் 1953 வரையில். அதில் கடைசி வருஷத்தில் பதினெட்டு வயதுப் பையனாகப் போனவருக்கே இன்று தொண்ணூறு வயது ஆகிவிட்டது. அதாவது, இன்று பிறர் கை இல்லாமல் வாழ முடியாத வயதில் இருக்கின்ற சிப்பாய்கள் யாரோ, அவர்களில் பலருடைய கட்டுகள்தான் வெந்து போயின. கட்டைப் பறிகொடுத்தது சர்க்கார். வீட்டிலிருந்த பத்திரத்தையும் தவறவிட்டிருந்தால் தேடித் திரிய வேண்டியது கிழவர்!

இலாகா சும்மா இருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. மனுதாரருக்கு வேண்டிய ருஜுவைத் தேடிக் கொடுக்க இலாகா உதவ வேண்டுமென்று 2000-வது வருஷத்தில் சட்டமே செய்திருக்கிறார்கள். சம்பளப் பட்டியலையும் படைப்பிரிவுகளின் தினசரிக் குறிப்புகளையும் வைத்து, போன கட்டுகளை மறுபடியும் உண்டாக்கியும் கொடுக்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு பாரம்! எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையில் என்று எழுபது வருஷத்துக்கு முந்திய சங்கதியைச் சொல்ல வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில்லாதவரிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? விசாரணை முடிவதற்குள் அவர் செத்துப்போனால், அவருடைய இடத்தில் நின்று நடத்த அவர் மனைவி ஒரு வருஷத்துக்குள் வேறு மனுப் போட வேண்டும்.

இந்த வழக்கம் அந்நாட்டில் இன்று நேற்று வந்ததல்ல. சுதந்திர யுத்தத்தில் சண்டை போட்டவர்களில் ஏழைகளுக்கு 1818-ல் பென்ஷன் கொடுத்தார்கள். 1820-ல், ஏழை என்பதற்கு ருஜுவாகத் தன் சொத்து முழுவதையும் ஜாபிதா எழுதிக் கோர்ட்டில் பிரமாணம் செய்ய வேண்டும் என்றார்கள். 1861 முதல் 1865 வரையில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் சண்டை செய்த கறுப்புச் சிப்பாய்களின் கதை இன்னும் கொடுமை. அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். அடிமைக்குப் பிறப்புப் பதிவு உண்டா? அவன் கல்யாணத்துக்குச் சட்டத்தில் மதிப்புண்டா? எஜமான் இட்ட பெயரை விடுதலையானபின் மாற்றிக்கொண்டவர்களும் பலர். பதிவு இல்லாதபடி செய்தவர்களே பிறகு "பதிவு எங்கே?" என்று கேட்டார்கள். வெள்ளையர் மனுக்களைவிட இவர்கள் மனுக்களே அதிக விகிதத்தில் தள்ளப்பட்டன. காகிதம் எல்லோரையும் சமமாக நடத்துகின்றது என்பவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

இனி, வழி தெரியாத இடத்தில் தரகன் முளைப்பது உலக வழக்கம். முதல் மனு எழுதிக் கொடுப்பதற்குக் கூலி வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமிருக்கின்றது. அந்தக் குற்றத்துக்கிருந்த தண்டனையை 2006-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே கிழவர்களுடைய பணத்தைத் தின்கின்ற கூட்டம் பெருகிவிட்டது. இலவசமாய் எழுதிக் கொடுக்க அங்கீகாரம் பெற்றவர்கள் பல ஜில்லாக்களிலும் சிப்பாய்கள் சங்கங்களிலும் இருந்துங்கூட, அது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் பலர்.

ஆதலால் நாம் சொல்லுவது இதுதான். சர்க்கார் கையில் இருக்க வேண்டிய காகிதத்தை மனுதாரனிடம் கேட்கக் கூடாது. அது சர்க்கார் கையிலிருந்து போயிருந்தால், அந்த நஷ்டம் சர்க்காரைச் சேர்ந்ததேயொழிய சிப்பாயைச் சேர்ந்ததல்ல. கூட இருந்தவர்கள் சாட்சியையும் அவர் வாக்கையும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொய்யென்று தோன்றினால் சர்க்காரே ருஜுப்படுத்தட்டும். எழுந்து நிற்க முடியாதவர் வீட்டுக்கு உத்தியோகஸ்தரே போய் எழுதிக்கொண்டு வரட்டும். சண்டைக்கு ஆள் பிடிக்க வீதி வீதியாய்ப் போகத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமா?

ஒருவர் உழைத்துச் சம்பாதித்த பாத்தியதையை, அவர் தம் ஏழ்மையையும் இயலாமையையும் பத்துப் பேரிடம் பத்துத் தரம் எழுதிக் காட்டினால்தான் கொடுப்போம் என்றால், அதற்குப் பெயர் பென்ஷன் அல்ல, பிச்சை. சண்டைக்குப் போனவருக்குப் பிச்சை போடுகின்ற சர்க்கார், சிலை வைத்தும் கொடி பிடித்தும் அவரைக் கொண்டாடுவதில் யாதொரு பிரயோஜனமுமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.